தையல் மெஷினும் டீஸல் காரும்

உங்கள் வீட்டு வாசலில் டீஸல் கார் நிற்கிறதா? அப்படியானால் இன்று ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு வீட்டுக்காரரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இதில் டைமிங் பெல்ட் எப்போது மாற்றினோம்?" பதில் சட்டென்று வந்தால் சந்தோஷம். அவர் மோட்டுவளையைப் பார்த்தாரானால் மேலே படியுங்கள். காரை ஓட்டுவது நீங்களேதான் என்றால், கட்டாயம் படியுங்கள்!

தாம்பரத்தைச் சுற்றிக் குடியிருக்கும் நமக்கு இந்தக் கேள்வி ரொம்பப் பொருத்தம். ஜி.எஸ்.டி. ரோட்டில் தெற்கே போனால் மறைமலை நகர். 2013-ல் விற்பனைக்கு வந்த ஃபோர்டு ஈக்கோஸ்போர்ட் உருவானது அங்கேதான். முடிச்சூர், படப்பை வழியாக மேற்கே போனால் ஒரகடம்; ரெனோ டஸ்டர் 2012-ல் அங்கிருந்து புறப்பட்டது. இரண்டின் 1.5 லிட்டர் டீஸல் எஞ்சினிலும் உள்ளே ஓடுவது ரப்பர் பெல்ட். டஸ்டரில் டீஸல் 2020-ல் நின்றது. ஃபோர்டு 2022 ஜூலையில் மறைமலை நகரில் கார் செய்வதை நிறுத்தியது. ஆனால் அங்கே பிறந்த கார்கள் சேலையூரிலும் பெருங்களத்தூரிலும் குரோம்பேட்டையிலும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. முதலில் வந்தவற்றுக்குப் பத்து வயது தாண்டிவிட்டது.

எல்லா டீஸலுக்கும் பெல்ட் என்று எண்ணிவிடாதீர்கள். மாருதி ஸ்விஃப்ட்டின் 1.3 லிட்டர் டீஸலில் இருப்பது இரும்புச் சங்கிலி. உங்களுடையது எது என்று காரோடு கொடுத்த புத்தகத்தைப் பார்த்தோ, மெக்கானிக்கைக் கேட்டோ தெரிந்து கொள்ளலாம்.

இந்த பெல்ட் அப்படி என்னதான் செய்கிறது? தையல் மெஷினை நினைத்துக் கொள்ளுங்கள். ஊசி கீழே இறங்கி, மேலே எழும்பத் தொடங்கும் அந்த நொடியில், பாபினைச் சுற்றியுள்ள கொக்கி வந்து நூல் வளையத்தைப் பிடிக்க வேண்டும். கொஞ்சம் முன்னே பின்னே ஆனால் தையல் விழாது. இன்னும் தவறினால் ஊசி கொக்கியில் இடித்து ஒடியும். எஞ்சினிலும் அதே கதைதான். கீழே க்ராங்க் தண்டு பிஸ்டன்களை ஏற்றி இறக்குகிறது. மேலே காம் தண்டு வால்வுகளைத் திறந்து மூடுகிறது. க்ராங்க் இரண்டு சுற்று சுற்றினால் காம் ஒரு சுற்று. இந்தக் கணக்குப் பிசகாமல் இரண்டையும் பல்லோடு பல்லாகக் கட்டி வைத்திருப்பது நம் பெல்ட். போகிற போக்கில் டீஸல் பம்பையும் தண்ணீர் பம்பையும் அதுவே சுழற்றுகிறது.

டீஸல் எஞ்சினில் பொறி தட்டும் ப்ளக் கிடையாது. காற்றைச் சுமார் 15, 16 மடங்கு நெருக்கி, அந்தச் சூட்டிலேயே டீஸலைப் பற்ற வைக்கிறது. ஆகவே பிஸ்டன் உச்சிக்கு வரும்போது அதற்கு மேலே இடம் என்று சொல்லிக் கொள்ள ஒன்றும் மிஞ்சாது. பெல்ட் அறுந்தால், திறந்தபடி நின்றுவிட்ட வால்வின் தலையில் பிஸ்டன் வந்து மோதும். வால்வுகள் வளையும், எஞ்சினின் ஹெட்டையே கழற்றியாக வேண்டும். தையல் மெஷினில் போவது ஓர் ஊசி. இங்கே போவது பிள்ளையின் காலேஜ் ஃபீஸ்!

"ரிடையரான பிறகு கோயிலுக்கும் கல்யாணத்துக்கும்தான் எடுக்கிறோம். ஓடினதே கொஞ்சம்" என்று சமாதானம் சொல்வார்கள். பீரோவில் மடித்து வைத்த பட்டுப் புடவை கட்டாமலே மடிப்பில் இற்றுப் போவதை நீங்கள் பார்த்ததில்லையா? ரப்பரும் அப்படித்தான். அதனால்தான் கம்பெனிக்காரர்கள் கிலோமீட்டரும் சொல்லி, வருஷமும் சொல்லுகிறார்கள். எது முந்துகிறதோ அதுதான் கெடு. எண்ணெய்க் கசிவு பட்டாலோ, வெள்ளத்தில் நின்றிருந்தாலோ கெடு வரைகூடக் காத்திருக்கக் கூடாது. 2015 டிசம்பரில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியதும், முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியதும் மறக்கக் கூடியதா? வண்டல் தண்ணீர் பெல்ட் மூடிக்குள் புகுந்தால் பல்லுக்கும் பேரிங்குக்கும் ஆகாது. சங்கிலியாவது தளர்ந்தால் கடகடவென்று சத்தம் போடும். பெல்ட் பெரும்பாலும் வாயே திறக்காது.

சரி, மாற்றப் போகிறீர்கள். நீங்கள் ஸ்பானர் பிடிக்க வேண்டாம். பக்கத்தில் நின்று பார்த்தால் போதும். எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். மெக்கானிக் அதைக் கையால் சுற்றி, க்ராங்கையும் காமையும் குறித்த இடத்தில் நிறுத்தி, அதற்கென்றே உள்ள லாக்கிங் பின்களைச் செருக வேண்டும். பிறகுதான் பழைய பெல்ட் வெளியே வரலாம். "பின் எதுக்கும்மா? வெள்ளைப் பெயின்ட்டால் அடையாளம் வைத்துக்கறேன். இருபது வருஷ சர்வீஸ்!" என்பார் சிலர். அனுபவத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, பின் எங்கே என்று மறுபடியும் கேளுங்கள். போன தடவை யாராவது ஒரு பல் தவறி மாட்டியிருந்தால், பெயின்ட் அந்தத் தவறையே காப்பியடிக்கும். இருபது பல் சக்கரத்தில் ஒரு பல் என்பது 18 டிகிரி, லேசான பிசகல்ல. அப்படி மாட்டிய எஞ்சினும் சில சமயம் ஸ்டார்ட் ஆகிவிடும். இழுவை இராது, புகை இருக்கும், நாம் டீஸலைக் குறை சொல்லிக் கொண்டிருப்போம்.

புது பெல்ட்டை மடிக்கவோ முறுக்கவோ கூடாது. உள்ளே இருக்கும் நார் ஒடிந்துவிடும். அதன் மேல் அம்புக்குறி இருந்தால், அது எஞ்சின் சுற்றும் திசையைப் பார்க்க வேண்டும். மாட்டும்போது தொய்வு முழுவதும் டென்ஷனர் பக்கம் வந்து சேர வேண்டும்; மற்றப் பக்கம் விறைப்பாக இருக்க வேண்டும்.

இனி வருவதுதான் முக்கியம். டென்ஷனர் முள்ளைக் குறிக்கு நேராக வைத்து இறுக்கியதும், பின்களை எடுத்துவிட்டு, எஞ்சின் ஓடும் திசையிலேயே க்ராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்ற வேண்டும். இரண்டு சுற்றினால்தான் காம் ஒரு சுற்று முடித்துப் பழைய இடத்துக்கு வரும். இப்போது பின்கள் மறுபடி வழுக்கிக்கொண்டு உள்ளே போக வேண்டும். முள்ளும் குறியிலேயே நிற்க வேண்டும். சுற்றும்போது எங்காவது தட்டினால், அங்கேயே நிறுத்தி, கழற்றி மாட்ட வேண்டியதுதான். இதைச் செய்யாமல் சாவியைத் திருப்பி "ஓடுது பாருங்க" என்று காட்டுவது, பாலைக் கொட்டிப் பார்த்துப் பாத்திரத்தில் ஓட்டை இருக்கிறதா என்று கண்டுபிடிப்பது போல!

பெல்ட்டோடு டென்ஷனர், ஐட்லர் சக்கரம், தண்ணீர் பம்ப் மூன்றையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள். பம்ப் அடுத்த வருஷம் ஒழுகினால், இதே கழற்றலுக்கு இன்னொரு தடவை கூலி கொடுக்க வேண்டும். புது போல்ட் போடச் சொல்லியிருக்கிற இடத்தில் பழையதைத் துடைத்துப் போட விடாதீர்கள். வேலை முடிந்ததும் பழைய பெல்ட்டையும் பில்லையும் கேட்டு வாங்கிக் கொண்டு, தேதியையும் கிலோமீட்டரையும் எழுதிய சீட்டு ஒன்றை பானட்டுக்கு அடியில் ஒட்டச் சொல்லுங்கள். பின்னால் காரை விற்கும்போது வாங்க வருகிறவர் முதலில் தேடுவது அதைத்தான்.