பட்டியல் போய்விட்டது, படிவம் போகவில்லை

பல்கலைக்கழக மானியக் குழு, ஏற்புடைய ஆய்விதழ்களைத் தொகுத்த கேர் பட்டியலைக் கைவிட்டுவிட்டது. 2024 அக்டோபரில் எடுத்த முடிவை 2025 பிப்ரவரியில்தான் அறிவித்தார்கள். இதழ்த் தேர்வுக்கான அளவுகோல் வரைவு ஒன்றை வெளியிட்டு, கருத்துச் சொல்லப் பிப்ரவரி 25 வரை கெடு வைத்தார்கள். அந்தக் கெடு முடிந்துவிட்டது. இனி எந்த இதழ் ஏற்புடையது என்பதை அந்தந்தக் கல்வி நிறுவனமே முடிவு செய்துகொள்ளும். நெறியாளர்களும் ஆய்வாளர்களும் நம்மிடம் தொடர்ந்து கேட்பது இதுதான்: நம் இதழின் நிலைப்பாடு என்ன?

வரவேற்கிறோம். மானியக் குழுவின் 2017 இதழ்ப் பட்டியலிலிருந்து 2018 மே மாதம் 4,305 இதழ்களை ஒரே மூச்சில் நீக்கியபோதே, டில்லியில் இருந்துகொண்டு இந்தியாவின் எல்லா மொழி இதழ்களையும் தரம் பிரிக்க முடியாது என்பது தெரிந்துவிட்டது. 2019இல் வந்த கேர் பட்டியல் சற்றுக் கவனமாகச் செய்யப்பட்டது, மறுக்கவில்லை. ஆனால் பட்டியலில் இடம்பெற்ற இதழ்களின் பெயரிலேயே போலி இணையதளங்கள் முளைத்தன. இடம் கிடைக்காத நல்ல தமிழ் இதழ்கள் கட்டுரை வரத்தின்றி மெலிந்தன. ஐ.எஸ்.பி.என். எண் போட்ட கருத்தரங்கக் கோவைகளில் கட்டணம் கட்டி மூன்று பக்கம் எழுதும் வழக்கத்தையும் அது நிறுத்தவில்லை. முனைவர் பட்ட ஆய்வேட்டை ஒப்படைக்குமுன் கட்டுரை வெளியிட்டிருக்க வேண்டும் என்ற கட்டாயத்தை மானியக் குழுவின் 2022 நெறிமுறையே எடுத்துவிட்டது. அப்படியும் பல பல்கலைக்கழகங்கள் தம் சொந்த விதியால் அதைத் தொடர்கின்றன. மேலே தளர்த்தினாலும் கீழே இறுக்கிக்கொள்ளும் பழக்கம் நமக்கு உண்டு.

நமக்குள்ள அச்சமும் அங்கேதான். கேர் போன இடத்தில் ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயின்ஸ் இரண்டையும் வைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று கல்விக்குழுக்கள் நினைக்கும். தேசியத் தரவரிசையில் ஆய்வுக்கு 30 விழுக்காடு எடை. வெளியீடுகளின் எண்ணிக்கையும் மேற்கோளும் அந்த இரு தரவுத்தளங்களிலிருந்தே எடுக்கப்படுகின்றன. தரவரிசைக்குப் பயந்த நிர்வாகம் வேறு எதைத் தேர்ந்தெடுக்கும்? தமிழில் எழுதிய ஆய்வு அந்தக் கணக்கில் அநேகமாக இல்லை.

ஆனால் மொழியைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. இந்தப் பக்கத்தில் பலமுறை எழுதியதுதான். இம்முறை விரிவாகவே எழுதுகிறோம். இதழ்க் கட்டுரை என்ற ஒற்றை வடிவத்துக்குள் அடங்காத ஆய்வை எங்கே வைப்பது?

சென்னைப் பல்கலைக்கழகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1963இல் ஜி.என். இராமச்சந்திரன், இராமகிருஷ்ணன், சசிசேகரன் மூவரும் 'ஜர்னல் ஆஃப் மாலிக்குலர் பயாலஜி'யில் வெளியிட்ட கட்டுரை ஐந்தே பக்கம். புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் மடங்க முடியும், எவற்றில் முடியாது என்பதை வரைந்து காட்டிய அந்த ஐந்து பக்கம் இன்று உலகின் எந்த உயிர்வேதியியல் பாடநூலிலும் இருக்கிறது. அதை அளக்க இன்றைய ஆய்வு மதிப்பீட்டுப் படிவம் போதும்.

அதே பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் அகராதியை இந்தப் படிவத்தில் எங்கே எழுதுவீர்கள்? 1913இல் சாண்ட்லர் தலைமையில் வேலை தொடங்கியது. முதல் தொகுதி 1924இல் வந்தது. 1926இல் எஸ். வையாபுரிப் பிள்ளை பதிப்பாசிரியர் பொறுப்பேற்றார். ஆறாம் தொகுதி 1936இல் முடிந்து, அனுபந்தம் 1939இல் வந்தது. ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட சொற்கள். ஒரு லட்சம் ரூபாய் என்று போட்ட மதிப்பீடு நான்கு லட்சத்தைத் தாண்டியது. பல்கலைக்கழகம் வேலையைக் கைவிடவில்லை. சங்கப் பாடலுக்கு உரை எழுதும் எவரும், கல்வெட்டு வாசிக்கும் எவரும், ஏன், நீதிமன்றத்தில் பழைய பத்திரத்தின் சொல்லுக்குப் பொருள் தேடும் வழக்கறிஞரும்கூட இன்றும் அதைத்தான் புரட்டுகிறார்கள். எடுத்தாள்பவர் பலர் அடிக்குறிப்பில் அதைக் குறிப்பிடுவதுகூட இல்லை. எந்த மேற்கோள் குறியெண்ணிலும் அது ஏறாது.

சமஸ்கிருதத் துறை 1935இல் தொடங்கிய 'நியூ கேட்டலாகஸ் கேட்டலாகோரம்' இன்னொன்று. உலகெங்கும் உள்ள சமஸ்கிருதச் சுவடிகளையும் ஆசிரியர்களையும் அகர வரிசையில் திரட்டும் பணி. முதல் தொகுதி 1949இல்தான் வந்தது. குப்புசாமி சாஸ்திரி தொடங்கி, வே. இராகவன் வளர்த்து, அவருக்குப் பின்னும் தலைமுறைகள் செய்த வேலை. ஓர் ஆய்வாளரின் பணிக்காலத்துக்குள் முடியக்கூடியது அன்று.

பொருளியலிலும் அப்படித்தான். 1915இல் பேராசிரியராக வந்த கில்பர்ட் ஸ்லேட்டர் மாணவர்களைத் தங்கள் கிராமங்களுக்கு அனுப்பினார். இருவேல்பட்டு, கங்கைகொண்டான், பாலக்குறிச்சி, தூசி, வடமலைபுரம் ஆகிய ஊர்களின் நிலம், கூலி, கடன் எல்லாம் 1918இல் நூலாயின. இருபது ஆண்டு கழித்து பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் அதே ஊர்களில் மறுபடி கணக்கெடுத்தார்கள். 1940இல் நூல் வந்தது. பின்னாளில் வேறு ஆய்வாளர்களும் அந்த ஊர்களுக்குத் திரும்பினார்கள். தமிழ்நாட்டு வேளாண்மையின் நூறாண்டு மாற்றத்தை ஊர் அளவில் இன்று பேச முடிகிறது என்றால், அன்று மாணவர்கள் வீடுவீடாக நின்று எழுதிய தாள்களே காரணம்.

நீலகண்ட சாஸ்திரியின் சோழர் வரலாறு, மீனாட்சியின் பல்லவர் ஆட்சியியல் நூல் என்று அடுக்கிக்கொண்டே போகலாம். ஒரு பெரிய அரசுப் பல்கலைக்கழகத்தின் ஆய்வுப் பரப்பு என்றால் இது எல்லாம் சேர்ந்ததுதான்: ஐந்து பக்கக் கட்டுரை, கால் நூற்றாண்டு அகராதி, இருபது ஆண்டு இடைவெளியில் மறுபடி நடந்த ஊர்க்கணக்கு. தனியார் நிறுவனம் முதல் வகையைச் செய்துவிடும். மற்ற இரண்டையும் மக்கள் வரிப்பணத்தில் நடக்கும் பல்கலைக்கழகம் செய்யாவிட்டால் வேறு யாரும் செய்யப்போவதில்லை.

இப்போது ஆசிரியர் நியமனத்துக்கான மானியக் குழுவின் 2018 நெறிமுறையில் இரண்டாம் பட்டியலைப் பாருங்கள். இணைப்பேராசிரியர் நேரடி நியமனத்துக்கு ஆய்வு மதிப்பெண் 75, பேராசிரியருக்கு 120. மொழி, கலைப்புலத் துறைகளில் ஓர் இதழ்க் கட்டுரைக்கு 10. தேசியப் பதிப்பகத்தின் முழு நூலுக்கும் அதே 10. தாக்கக் காரணி இருந்தால் கட்டுரைக்கு மேலும் மதிப்பெண் சேரும்; நூலுக்கு அந்த ஏற்றம் இல்லை. அகராதிக்கு, நூலடைவுக்கு, சுவடிப் பதிப்புக்குத் தனி வரியே இல்லை. இருவருக்கு மேல் சேர்ந்து செய்தால் முதன்மை ஆசிரியருக்கு 70 விழுக்காடு, மற்றவர் ஒவ்வொருவருக்கும் 30. அகராதிக் குழுவில் பத்தாண்டு உழைக்கும் இளைஞருக்கு ஒரு தொகுதிக்கு 3 மதிப்பெண். அவர் எப்படி அந்த வேலைக்கு வருவார்? எந்த நெறியாளர் மனம் துணிந்து அவரை அழைப்பார்? லெக்சிகனைத் திருத்திப் புதுக்க ஆள் கிடைக்கவில்லை என்று வருந்துகிறோம். ஆள் வராதபடி வாசலை அடைத்தது இந்தப் பட்டியல்.

இதைச் சொல்லும்போது கோபம் வராமல் இருக்கவில்லை. 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தில் மூன்றாண்டுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கி, 30 பன்னாட்டுப் பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்களை வாசிக்கத் தருகிறது ஒன்றிய அரசு. வாசிக்கக் கிடைப்பது நல்லதுதான். நம் அறிவியல் துறைகளுக்கு அது மிகவும் தேவை. ஆனால் இந்திய மொழிகளில் அகராதியும் அடைவும் தொகுக்க அதில் ஒரு பங்காவது ஒதுக்கியிருக்க வேண்டாமா? இங்கேயோ, மாநில அரசின் நிதிப்பங்கு குறைந்ததையொட்டி எழுந்த வருமானவரிச் சிக்கலில், 2024 தொடக்கத்தில் 424 கோடி ரூபாய் கேட்டுச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் வங்கிக் கணக்குகள் முடக்கப்பட்டன. ஓய்வூதியம் தருவதற்கே தடுமாறிய நாட்கள் அவை. 2023 ஆகஸ்டில் துணைவேந்தரின் பதவிக்காலம் முடிந்தது. ஆளுநருக்கும் அரசுக்கும் இடையிலான இழுபறியில் அடுத்தவர் நியமிக்கப்படாமலே ஆண்டு ஓடியது. நீண்டகால ஆய்வுத் திட்டம் ஒன்றுக்குக் கையெழுத்திட வேண்டியவரே இல்லாத நிலையை உருவாக்கிவிட்டு, ஆய்வுத் தரம் குறைந்துவிட்டது என்று இரு அரசுகளும் பல்கலைக்கழகத்தைக் குறைசொல்வதை ஏற்க முடியாது.

கல்விக்குழுக்களில் இருக்கும் நம் வாசகர்கள் இந்தப் பருவத்திலேயே ஒன்று செய்யலாம். புதிய அளவுகோலை ஏற்கும் தீர்மானத்தோடு, அகராதி, நூலடைவு, சுவடிப் பதிப்பு, மீள்கள ஆய்வு ஆகியவற்றைத் தனி ஆய்வு வகைகளாகப் பெயர் சொல்லிச் சேர்க்கும்படி கேளுங்கள். அவற்றை அத்துறை வல்லுநர் குழு வாசித்து மதிப்பிடட்டும். தரவுத்தளம் மதிப்பிட வேண்டாம். கூட்டுப்பணிக்கு 70, 30 என்ற பங்கீடு பொருந்தாது என்பதையும் குறிப்பில் பதிவு செய்யுங்கள். நெறிமுறையைத் திருத்தப் பல்கலைக்கழகத்துக்கு அதிகாரம் இல்லை என்று சொல்வார்கள். இதழைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரத்தை இப்போது பல்கலைக்கழகத்திடமே கொடுத்திருக்கிறார்கள், அங்கிருந்து தொடங்கலாம்.

நம் பங்குக்கு, அடுத்த இதழிலிருந்து இவ்வகைப் பணிகளுக்குத் தனிப் பகுதி திறக்கிறோம். ஒவ்வொரு பணியையும் இரு நடுவர்கள் முழுமையாகப் படித்து மதிப்புரை தருவார்கள். பணியில் ஈடுபட்ட அனைவரின் பெயரும், அவரவர் செய்த வேலையும் மதிப்புரையோடு அச்சாகும். நிறைவுறாத தொகுதிகளையும் அனுப்பலாம். பக்க வரம்பு இல்லை, கட்டணமும் இல்லை.