சம்பாதிக்கப் போகுமுன் ஒருமுறை பார்த்துவரப் போகட்டும்

மலேசியா செல்லும் இந்தியர்களுக்கு 2023 டிசம்பர் முதல் விசா தேவையில்லை. 30 நாட்கள் வரை தங்கலாம். இந்தச் சலுகை 2026 இறுதி வரை நீட்டிக்கப்பட்டுள்ளது. கஸகஸ்தான் 2022லிருந்தே 14 நாட்களுக்கு விசா கேட்பதில்லை. உஸ்பெகிஸ்தானுக்கு வீட்டில் இருந்தபடியே இ-விசா எடுத்துவிடலாம். நாகப்பட்டினத்துக்கும் இலங்கையின் காங்கேசன்துறைக்கும் இடையே 2023 அக்டோபரில் பயணிகள் கப்பல் விடப்பட்டது. சில நாட்களிலேயே நின்றுபோன அந்தச் சேவை 2024 ஆகஸ்டில் மீண்டும் தொடங்கியது. நம் முன்னோர் ரங்கூனுக்கும் கொழும்புக்கும் பெரிய தடையின்றிப் போய்வந்த காலத்துக்குப் பிறகு, சாதாரணக் குடும்பத்துப் பிள்ளைக்கு இத்தனை கதவுகள் ஒருசேரத் திறந்திருப்பது இப்போதுதான்.

ஆனால் நம் வீடுகளில் இந்தச் செய்தி எப்படிப் படிக்கப்படுகிறது? "அங்கே வேலை கிடைக்குமா?" என்றுதான் முதல் கேள்வி வருகிறது.

அதில் வியப்பில்லை. காயல்பட்டினம், கீழக்கரை, அதிராம்பட்டினம், நாகூர் என்று கடலோர ஊர்களில் வெளிநாடு போகாத ஆள் இல்லாத வீடு அரிது. "சஃபர் போயிருக்கிறார்" என்றால் சம்பாதிக்கப் போயிருக்கிறார் என்றே நமக்குப் பொருள். 21 வயதில் கையில் விசா வருகிறது, ஏஜென்ட் டிக்கெட் தருகிறார், இறங்கிய மறுநாள் கம்பெனி பஸ். 20 வருடம் கழித்துத் திரும்பி வருபவரிடம் அந்த நாட்டைப் பற்றிக் கேட்டால், தங்கியிருந்த அறை, வேலைத்தளம், வெள்ளிக்கிழமை சேர்ந்து ஆக்கிய பிரியாணி, இவற்றைத் தாண்டிச் சொல்ல அதிகம் இருப்பதில்லை. அவரைக் குறை சொல்லவில்லை. அவருடைய வியர்வையில்தான் நம் ஊர்களில் பாதி வீடுகள் எழும்பின. உம்ரா குழுவில் போய்வருகிறவர்களுக்கும் பெரும்பாலும் இதே நிலைதான். பஸ்ஸில் ஏற்றி, பஸ்ஸில் இறக்கி, பாஸ்போர்ட்டைக்கூட வேறொருவர் வைத்திருப்பார்.

நாம் முன்வைப்பது இதுதான். படிப்பு முடிந்து வேலை விசா கைக்கு வருமுன், நம் பிள்ளை ஒருமுறையாவது முதுகில் ஒரு பையுடன் பக்கத்து நாடு ஒன்றுக்கு இரண்டு மூன்று வாரம் போய்வரட்டும். டிக்கெட்டைத் தானே எடுக்கட்டும், தங்குமிடத்தைத் தானே தேடட்டும், பஸ்ஸிலும் ரயிலிலும் போகட்டும், கணக்கை எழுதி வைக்கட்டும். பேக்பேக்கிங் என்று மேலைநாட்டார் சொல்வது இவ்வளவுதான்.

"வேலைவெட்டி இல்லாதவன் ஊர் சுற்றுவது" என்று பெரியவர்கள் முகம் சுளிப்பதுண்டு. மார்க்கம் பயணியை அப்படிப் பார்க்கவில்லை. பூமியில் பயணம் செய்து, முன்னே வாழ்ந்தவர்களின் முடிவைப் பார்க்கும்படி குர்ஆன் பல இடங்களில் சொல்கிறது. நான்கு ரக்அத்தை இரண்டாகச் சுருக்கித் தொழ முஸாஃபிருக்குச் சலுகை உண்டு. நோன்பை வேறு நாளுக்குத் தள்ளிவைக்கலாம். காலுறை மீது மஸஹ் செய்ய ஊரில் இருப்பவருக்கு ஒரு நாள் என்றால் பயணிக்கு மூன்று நாள். ஜகாத் பெறத் தகுதியான எட்டு வகையினரில் வழிப்போக்கரும் ஒருவர். சொந்த ஊரில் வசதியுள்ளவராக இருந்தாலும் வழியில் கையறு நிலைக்கு ஆளானால் அவருக்கு அதில் பங்கு உண்டு. பயணம் வேண்டாத வேலையாக இருந்திருந்தால் இவ்வளவு ஏற்பாடு எதற்கு?

இந்தப் பழக்கமும் நமக்குப் புதிதல்ல. மூன்று நாள் ஜமாஅத்திலோ 40 நாள் சில்லாவிலோ போய்வந்த இளைஞனைக் கேளுங்கள். படுக்கையைச் சுருட்டித் தோளில் போடவும், தெரியாத ஊர்ப் பள்ளிவாசலில் தங்கவும், முறைவைத்துச் சமைக்கவும், ஆளுக்கு இவ்வளவு என்று பணம் போட்டு அமீரிடம் கொடுத்துச் சிக்கனமாகச் செலவழிக்கவும் அவனுக்குத் தெரியும். வெள்ளைக்காரப் பிள்ளைகள் புத்தகம் பார்த்துக் கற்கும் பாடம் அது. (ஒரு எச்சரிக்கை: சுற்றுலா அனுமதியில் போய் தஃவா வேலையோ சம்பள வேலையோ செய்யக் கூடாது. சட்டச் சிக்கல் வரும்.)

இப்னு பதூதா மொராக்கோவின் தாஞ்சியரிலிருந்து 1325ல் ஹஜ்ஜுக்குப் புறப்பட்டபோது அவருக்கு வயது 21. தனியாகத்தான் கிளம்பினார். இலங்கைக்கு வந்தபோது, பாவா ஆதம் மலை என்று நாம் சொல்லும் சிகரத்துக்குப் போக அவருக்கு ஆளும் பொருளும் கொடுத்து உதவியவர் முஸ்லிம் அல்லாத ஆரியச் சக்கரவர்த்தி. அங்கிருந்து கடல் கடந்து நம் கரையில் ஏறி மதுரை சுல்தானிடம் வந்தார். அந்த சுல்தான் அவருக்குச் சகலை முறை, அவருடைய விருந்தாளியாகவே இருந்தார். அப்படியிருந்தும் சுல்தான் மக்களுக்குச் செய்த கொடுமைகளை மறைக்காமல் கண்டித்துச் சொல்லியிருக்கிறார். உதவியவர் வேற்று மதத்தவர், கொடுமை செய்தவர் நம்மவர். இரண்டையும் கண்ணால் பார்த்தவர் இரண்டையும் பதிவு செய்தார். இன்று வாட்ஸ்அப்பில் உலகத்தைத் தெரிந்துகொள்ளும் நம் பிள்ளைகளுக்கு இல்லாமல் போவது இந்த நேர்மைதான்.

எங்கே போகலாம்? முதல் பயணத்துக்கு நான் பினாங்கைச் சொல்வேன். திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்கு நேரடி விமானம், அங்கிருந்து ரயிலில் பட்டர்வொர்த், பிறகு படகில் ஜார்ஜ் டவுன். அங்குள்ள கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் நம் சோழமண்டலக் கரையிலிருந்து போன காதர் முஹைதீன் தலைமையில் 1801ல் எழுப்பப்பட்டது. பக்கத்திலேயே சூலியா தெரு. சூலியா என்றால் தமிழ் முஸ்லிம்கள்தான். நாகூர் ஆண்டகையின் பெயரில் ஒரு நினைவிடமும் அங்கே இருக்கிறது. ஹலால் சாப்பாட்டுக்கு அலைய வேண்டாம். நாசி கண்டார் என்று விற்கப்படுவதே தமிழ் முஸ்லிம்கள் காவடித் தண்டில் சோறும் குழம்பும் சுமந்து விற்றதில் பிறந்தது.

இதில் பெரிய லாபம் ஒன்று உண்டு. நம் கடலோர மஹல்லாக்கள் பெரும்பாலும் ஷாஃபிஈ, உள்நாட்டில் பெரும்பாலும் ஹனஃபி. ஃபஜ்ரில் குனூத் ஓதுவதா இல்லையா என்பது போன்ற விஷயங்களில் பள்ளிவாசலே இரண்டாகப் பிரிந்த ஊர்கள் உண்டு. ராவுத்தர் வீட்டுப் பையன் மலேசியப் பள்ளியில் ஃபஜ்ர் தொழும்போது, முன் வரிசை முதல் பின் வரிசை வரை கையேந்தி குனூத் ஓதுவதைப் பார்ப்பான். மரைக்காயர் வீட்டுப் பையன் சமர்கந்து போனால், ஊரே ஹனஃபி முறையில் தொழுவதைப் பார்ப்பான். இமாம் புகாரி அடங்கியிருப்பது அந்த நகரத்துக்கு அருகில்தான். தாஷ்கந்திலிருந்து அதிவேக ரயிலில் சுமார் இரண்டு மணி நேரப் பயணம். சோவியத் ஆட்சியில் பெரும்பாலான பள்ளிவாசல்கள் மூடிக்கிடந்த மண் அது. தலைமுறைகள் கடந்து ஈமானைப் பொத்திக் காத்தவர்களோடு ஒரு வேளை சாப்பிட்டு வந்தவன், திரும்பி வந்து தொழுகையில் விரலை அசைப்பது பற்றி மைக் போட்டுச் சண்டையிட மாட்டான் என்று நம்புகிறேன்.

பெற்றோரின் பயம் நியாயமானது. 2022ல் தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று சொல்லி அழைத்துப் போகப்பட்ட இளைஞர்கள், தமிழர்கள் உட்பட, எல்லை தாண்டி மியான்மரின் மியாவாடிக்குக் கடத்தப்பட்டு இணைய மோசடி வேலையில் அடைக்கப்பட்டனர். 2025 மார்ச்சில்கூட 500க்கும் மேற்பட்ட இந்தியர்களை விமானப்படை விமானத்தில் மீட்டு வந்தார்கள். இந்தப் பிள்ளைகள் ஊர் பார்க்கப் போய் மாட்டியவர்கள் அல்லர். வேலைக்கென்று ஏஜென்டை நம்பிப் போய் மாட்டியவர்கள். எந்த நாட்டில் எந்த முத்திரைக்கு என்ன பொருள், தூதரகத்தை எப்படி அணுகுவது, ஒரு கார் எந்தத் திசையில் போகிறது என்று மேப்பில் பார்ப்பது, இவையெல்லாம் ஒருமுறை தானாகச் சுற்றியவனுக்குப் பழகியிருக்கும். முதல் வெளிநாட்டுப் பயணமே ஏஜென்டின் கையில் என்றால் அவன் கண்ணைக் கட்டி விட்டது போலத்தான்.

அதனால் சில கட்டுப்பாடுகள் அவசியம். முதல் பயணத்தில் இருவராவது சேர்ந்து போகட்டும். திரும்பும் டிக்கெட், தங்குமிட முன்பதிவு, செலவுக்குப் பணம் ஆகியவற்றைக் குடிநுழைவு அதிகாரி கேட்பார், தயாராக இருக்கட்டும். தினமும் ஒரு முறை வீட்டுக்குத் தகவல் வரட்டும். விமான நிலையத்தில் "இந்தப் பையை மட்டும் கொஞ்சம் கொண்டுபோய்க் கொடுங்கள்" என்று யார் கேட்டாலும், உறவினரே ஆனாலும், வாங்கவே கூடாது. குருவிகளாகப் போய் ஏமாந்து சிறையில் வாடுகிறவர்களின் கதை நம் ஊர்களுக்குத் தெரியாததல்ல. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் போதைப்பொருளுக்கு மரண தண்டனை வரை உண்டு. சிங்கப்பூர், அமீரகம் போன்ற நாடுகளில் நம் சமையலறைக் கசகசாகூடத் தடை செய்யப்பட்ட பொருள். மருந்து எடுத்துப் போனால் டாக்டர் சீட்டும் கூடவே போகட்டும்.

பெண் பிள்ளைகள்? மஹ்ரம் விஷயத்தில் ஆலிம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதை இங்கே தீர்க்கப் போவதில்லை. ஆனால் அண்ணனோடு தங்கை போகலாம், தகப்பனாரோடு மகள் போகலாம். அதற்கு யாரும் தடை சொல்லவில்லை. இமாம் புகாரி 16 வயது வாக்கில் மக்காவுக்குப் போனது தாயோடும் சகோதரரோடும்தான். அடுப்படியும் ஆஸ்பத்திரியும் கல்யாண வீடும் மட்டுமே பார்த்த எத்தனையோ தாய்மார்களுக்கும் பிள்ளைகளோடு ஒரு பை தூக்கிக் கிளம்ப ஆசை இருக்கும். யாரும் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

பணம் எங்கே என்பார்கள். வலிமாவில் ஒரு வகைக் கறியைக் குறைத்தாலே ஒரு பிள்ளையின் பயணச் செலவில் கணிசமான பங்கு மிஞ்சும். பத்து ஆண்டு செல்லும் சாதாரண பாஸ்போர்ட்டுக்கு 1,500 ரூபாய் கட்டணம். கல்லூரி இரண்டாம் ஆண்டிலேயே விண்ணப்பித்துவிடலாம். போலீஸ் விசாரணை முடிந்து வர நேரமாகும் என்பதால், கடைசித் தேர்வு முடிந்த பிறகு ஓடுவதில் பயனில்லை.