வாப்பாவின் மாத்திரையும் மீன் ஆணமும்

கல்முனையிலே மீன் ஆணமின்றிப் பகற்சோறு ஏது? ஆயினும், பார்க்கின்சன் எனும் நடுக்குவாதத்துக்கு லெவோடோபா உட்கொள்ளும் வாப்பாவுக்கு அம்மாத்திரையைச் சோற்றோடு கொடுப்பது உசிதமன்று என்போம்.

மூளையின் சில நரம்பணுக்கள், உணவிலுள்ள டைரோசின் எனும் அமினோ அமிலத்தை உள்வாங்கி, லெவோடோபாவாக மாற்றி, அதிலிருந்து டோபமைன் எனும் தூதுப்பொருளை ஆக்குகின்றன. அவ்வணுக்கள் அழிய, நடுக்கம் தோன்றுகின்றது. டோபமைனையே கொடுத்தாலென்ன? குருதியிலிருந்து அது மூளைக்குள் புகாது, லெவோடோபா புகும். பூனைக்காலி விதையிலிருந்து இதனை 1937இல் சென்னையில் தாமோதரனும் இராமசாமியும் பிரித்தெடுத்தனர். (அதற்காக வேலியோரத்து விதையை அரைத்துக் கொடுத்துவிடாதீர்கள்!)

மீனின் புரதம் தரும் அமினோ அமிலங்களும் குடலிலும் மூளையிலும் அதே வாயிலில் நெருக்குகின்றன, மருந்து பின்தங்குகின்றது. ஆகையால், உணவுக்கு அரைமணி முன்னரே மாத்திரை கொடுப்பது வழக்கம். குமட்டினால் ஒரு பிஸ்கட் போதும். நேரத்தை மாற்றுமுன் வைத்தியரைக் கேளுங்கள். மீனை நிறுத்த வேண்டியதில்லை.