இரண்டாவது கன்ட்ரோலர் யார் கையில் இருந்தது?

பழைய வீடியோ கேம்களை ஆராய்வோரிடம் ஒரு சோம்பல் முறையியலாகவே நிலைபெற்றுவருகிறது. ஆட்டத்தின் மென்பொருளைக் கணினியில் எமுலேட்டர் வழியே ஓட்டிப் பார்த்தால் போதுமாம். ஜாய்ஸ்டிக், அதை நிறுத்தும் தாங்கி, கூடுதல் கன்ட்ரோலர்களுக்கான இணைப்புப் பெட்டி எல்லாம் சேகரிப்பாளரின் பொழுதுபோக்காம். சுவடியைப் படியெடுத்தபின் ஓலையை அடுப்பிலிடச் சொல்வோர் இன்று எவருமில்லை. இங்கே மட்டும் அந்தத் துணிவு எங்கிருந்து வந்தது?

1982இல் வில்லியம்ஸ் நிறுவனம் வெளியிட்ட ‘ரோபோட்ரான்: 2084’ ஆட்டத்தில் ஒரு ஜாய்ஸ்டிக் நகர்வதற்கு, மற்றொன்று சுடுவதற்கு. சுடும் பொத்தானே கிடையாது. அதை உருவாக்கியவர்களுள் ஒருவரான யூஜின் ஜார்விஸ் அதற்குச் சற்று முன்னர் வாகன விபத்தில் வலக்கை அடிபட்டு, கட்டுடன் பணிக்குத் திரும்பியிருந்தார். பொத்தானை அழுத்த இயலாத கை அந்த அமைப்பு பிறந்ததற்கு ஒரு காரணம். அதே ஆட்டம் அட்டாரி 5200க்கு வந்தபோது சிக்கல் எழுந்தது. அதன் கன்ட்ரோலரை ஒரு கையால் பிடித்து மறுகையால் இயக்க வேண்டும். அப்படி இரண்டை ஒருவர் எவ்வாறு இயக்குவது? இரண்டையும் அருகருகே அசையாமல் நிறுத்தும் தாங்கி ஒன்று ஆட்டத்துடனேயே தரப்பட்டது. மின்சுற்று ஏதுமற்ற வெறும் பிளாஸ்டிக்தான். ஆயினும் அது இல்லையேல் அந்த ஆட்டம் இல்லை.

இதைவிடக் கூர்மையான சான்று ‘ஸ்மாஷ் டிவி’. நின்டெண்டோவின் 8 பிட் கருவியில் ஒருவரே முதல் கன்ட்ரோலரால் நகர்ந்து இரண்டாவதால் சுடும் திசையைத் தேரலாம். இருவர் இவ்வாறு ஆட நான்கு கன்ட்ரோலர்களும் அவற்றை இணைக்கும் மல்டிடேப்பும் வேண்டும். 1990களில் இந்தியக் கடைகளில் விற்ற நகல் பெட்டிகளோ பெரும்பாலும் இரண்டு கன்ட்ரோலர்களோடு நின்றுவிட்டன. அண்ணன் இரண்டையும் எடுத்துக்கொண்டால் தங்கைக்குத் திரை மட்டுமே மிஞ்சும். யார் ஆடுவார், யார் வேடிக்கை பார்ப்பார் என்பதை ஒரு துணைக்கருவியின் இன்மை முடிவு செய்தது. எமுலேட்டர் இதைக் காட்டாது. ஒரே கன்ட்ரோலரில் இரண்டு ஜாய்ஸ்டிக் கொண்ட இன்றைய கருவியைச் செருகியவுடன் அந்தப் பூசல் தடயமின்றி மறைந்துவிடுகிறது.

இந்தக் கேள்வியைக் கேட்கத் தகுந்த இடங்களுள் பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைச் சிற்றூர்களும் அடங்கும். 1956 நவம்பர் 1இல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு சேர, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அங்குள்ள தமிழைத் தேடி ஒலிப்பதிவுக் கருவியுடன் செல்லும் ஆய்வாளரின் வினாநிரலில் கலப்பையின் உறுப்புகள் இருக்கும், பனையேற்றத்தின் சொற்கள் இருக்கும். அவை வேண்டாம் என்பதல்ல. ஆனால் எல்லைத் தமிழன் 1956லேயே உறைந்துவிட்டான் என்ற எண்ணம் அந்த நிரலில் ஒளிந்திருக்கிறது. பள்ளியில் மலையாளம், திரையில் ஆங்கிலம், வீட்டில் தமிழ் என்று வளர்ந்த பிள்ளைகள் ‘இது என் முறை’ என்று எந்த மொழியில் சண்டையிட்டனர்? கன்ட்ரோலருக்கு என்ன பெயர் வைத்தனர்? மொழித் தொடர்பை ஆராய்வோருக்கு இது கலப்பைச் சொல்லுக்குச் சற்றும் குறைந்த தரவன்று.

‘ஆவணம் எங்கே?’ என்பது வழக்கமான மறுப்பு. ஆவணம் உயிரோடு இருக்கிறது. அதற்கு இப்போது நாற்பது வயது. பரணில் கிடக்கும் பெட்டியை இறக்கச் சொல்லி மூன்று கேள்விகள் கேட்டால் தொடக்கத்துக்குப் போதும்: எத்தனை கன்ட்ரோலர்கள் இருந்தன, எது முதலில் பழுதானது, எஞ்சிய ஒன்று யாரிடம் போனது. மூன்றாவது கேள்வியைத் தங்கையிடமும் தனியே கேட்க வேண்டும்.