கட்டுப்பாடு யாருக்கு?

திருமணப் பந்தியிலும் இரயில் பெட்டியிலும் துக்க வீட்டுத் திண்ணையிலும் நாம் அடிக்கடி கேட்கும் பேச்சு ஒன்று உண்டு. "நம் மக்களுக்கு உரிமையெல்லாம் ஒத்துவராது, கையில் சாட்டையோடு ஒருவன் வர வேண்டும், அப்போதுதான் நாடு உருப்படும்" என்பதே அது. இதைச் சொல்பவர் கெட்டவர் அல்லர். பெரும்பாலும் நேர்மையானவர், வரிசையில் நின்று ஏமாந்தவர், கையூட்டுக் கொடுக்க மனமின்றி அலுவலகப் படிகளில் ஆண்டுக்கணக்காக ஏறி இறங்கியவர். அவருடைய சினம் நியாயமானதே. ஆயினும் அவர் கேட்கும் மருந்து இந்த நோயைத் தீர்க்குமா என்று சற்று ஆராய்ந்து பார்ப்போம்.

அச்சுறுத்தி அடக்கும் வல்லமை ஒன்று மேலே இல்லையெனில் மனிதர் ஒருவரோடொருவர் ஓயாது போரிட்டு மாள்வர் என்று 1651ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் ஆங்கிலத் தத்துவ அறிஞர் தாமஸ் ஹாப்ஸ் வாதிட்டார். தம் நாட்டில் உள்நாட்டுப் போரின் கொடுமையைக் கண்டவர் அவர். நூறாண்டு கழித்து வந்த ரூசோ, மனிதன் இயல்பில் நல்லவன், சமுதாயமே அவனைக் கெடுத்தது என்றார். இவ்விருவரில் வென்றவர் யார் என்று நாம் பட்டிமன்றம் நடத்த வேண்டுவதில்லை. ஆட்சி என்பதே இல்லாத இடத்தில் தள்ளப்பட்ட மனிதர் உண்மையில் என்ன செய்தனர் என்று பார்த்தாலே போதும். கடலில் சிக்கித் தீவில் ஒதுங்கியவர்களின் வரலாறு அதற்குத் துணை செய்கிறது.

முதலில் அண்மைக் காலத்து நிகழ்ச்சி. 1965 ஜூனில், தென் பசிபிக் கடலிலுள்ள தொங்கா நாட்டில், உறைவிடப் பள்ளி மாணவர் அறுவர், பள்ளி வாழ்க்கை சலித்துப்போய், ஒருவருடைய படகைக் கேளாமலே எடுத்துக்கொண்டு கடலில் இறங்கினர். புயலில் பாயும் சுக்கானும் போயின. எட்டு நாள் மிதந்தபின் அட்டா என்னும் ஆளில்லாத் தீவில் ஒதுங்கினர். அங்கே பதினைந்து மாதங்கள் வாழ்ந்தனர். பெரியவர் இல்லை, ஆசிரியர் இல்லை, காவலர் இல்லை. இப்படிப்பட்ட சிறுவர்கள் ஒருவரையொருவர் வேட்டையாடத் தொடங்குவதாக வில்லியம் கோல்டிங் 1954இல் ஒரு நாவல் எழுதிப் பெரும்புகழ் பெற்றிருந்தார். இந்த அறுவரோ அவ்வாறு செய்யவில்லை. இருவர் இருவராகப் பிரிந்து, தோட்டம், சமையல், காவல் என முறை வகுத்துக்கொண்டனர். அரும்பாடுபட்டு மூட்டிய தீயை அணையவிடாது காத்தனர். மழைநீரைக் குடைந்த மரத்தண்டுகளில் சேமித்தனர். சண்டையும் வந்தது, வராதிருக்க அவர்கள் வானதூதர்களா? சண்டையிட்டவர் தீவின் எதிரெதிர்ப் பக்கங்களுக்குச் சென்று, சினம் ஆறியபின் திரும்ப வேண்டும் என்பது விதி. ஒருவன் பாறையிலிருந்து விழுந்து கால் முறிந்தபோது, காலைக் குச்சி வைத்துக் கட்டி, அவன் வேலையையும் மற்றவர் பகிர்ந்துகொண்டனர். 1966 செப்டம்பரில் பீட்டர் வார்னர் என்னும் ஆஸ்திரேலியக் கப்பல் தலைவர் அவர்களைக் கண்டு மீட்டார். ஆட்சி இல்லாத தீவில் ஒழுங்காக வாழ்ந்தவர்களை, ஆட்சியுள்ள ஊர் படகுத் திருட்டுக்காக முதலில் காவலில் வைத்தது. வார்னர் பணம் கட்டி வெளியே கொணர்ந்தார் என்பது தனிக்கதை.

நல்ல பிள்ளைகள், ஆகவே அவர்களுக்கு ஆட்சி தேவைப்படவில்லை என்று இதிலிருந்து முடிவு கட்டிவிடலாகாது. தேவைப்பட்டது, அதனால்தான் தாங்களே உண்டாக்கிக்கொண்டனர். புனித தோமாஸ் அக்குவினாஸ் தம் இறையியல் தொகுப்பில் ஒரு வினா எழுப்புகிறார்: ஆதிப்பெற்றோர் பாவத்தில் விழாதிருந்தாலும் மனிதரை மனிதர் நடத்தும் நிலை இருந்திருக்குமா? குருமடத்து மாணவர்க்கு இது வெறும் நூலறிவுக் கேள்வியாகத் தோன்றும். இருந்திருக்கும் என்பதே அவர் விடை. எஜமான் அடிமையை ஆள்வது போலன்று. பொதுநலம் நோக்கித் தன்னுரிமையுள்ளோரை வழிநடத்துவது போல. பலர் கூடி வாழுமிடத்தில் பலர் பலவற்றை நாடுவர் என்பதே அவர் காட்டும் காரணம். நம் ஊர் வழக்கில் சொன்னால், ஊரார் அனைவரும் புனிதர்களே என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் ஏரி நீர் தலைமடைக்கு எந்நாள், கடைமடைக்கு எந்நாள் என்று ஒருவர் முறை வைத்தாக வேண்டும். புனிதர்களும் ஒரே நேரத்தில் மடை திறந்தால் கடைமடை வயல் காயத்தான் செய்யும்.

எனவே ஒழுங்கு வேண்டும் என்பதில் நமக்கும் சாட்டையைக் கேட்கும் அன்பருக்கும் வேறுபாடில்லை. வேறுபாடு, சாட்டையைப் பிடித்திருக்கும் கையைப் பற்றியதே. அதற்கு இன்னொரு கப்பலின் கதையைச் சொல்ல வேண்டும். அது கசப்பான கதை.

டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் 'பட்டாவியா' என்னும் புதுக்கப்பல் 1628 அக்டோபரில் ஹாலந்திலிருந்து ஜாவாவை நோக்கிப் புறப்பட்டது. மாலுமிகள், படைவீரர், வணிக அலுவலர், பெண்கள், குழந்தைகள் என ஏறத்தாழ 340 பேர் அதில் இருந்தனர். 1629 ஜூன் 4ஆம் நாள் விடியுமுன், ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரைக்கு அப்பாலுள்ள அப்ரோலோஸ் தீவுகளின் பவளப்பாறையில் கப்பல் மோதி உடைந்தது. பெரும்பாலோர் உயிர் தப்பிச் சிறு தீவுகளில் ஏறினர். மரமில்லை, ஊற்று இல்லை. தலைவர் பெல்சார்ட்டும் கப்பலோட்டியும் ஏறத்தாழ ஐம்பது பேருடன் படகேறி, உதவி தேடி ஜாவாவுக்குப் போய்விட்டனர். எஞ்சியோர் நீரையும் உணவையும் பங்கிட ஒரு சிறு மன்றத்தை அமைத்துக்கொண்டனர். இதுவரை அட்டாத் தீவுச் சிறுவரின் கதையேதான்.

அப்போது உடைந்த கப்பலிலிருந்து ஜெரோனிமஸ் கார்னெலிஸ் என்பவன் கரை சேர்ந்தான். முன்பு மருந்துக்கடை வைத்திருந்தவன், கற்றவன், பேச்சில் வல்லவன், கம்பெனி அலுவலருள் அங்கே அவனே மூத்தவன். மக்கள் மகிழ்ந்து அவனை மன்றத்தின் தலைமையில் அமர்த்தினர். படைக்கலங்களையும் படகுகளையும் ஒழுங்கை முன்னிட்டு அவன் ஒரே இடத்தில் சேர்த்துத் தன் கையில் வைத்துக்கொண்டான். உணவு தேடவென்று ஆட்களைப் பிரித்து வேறு தீவுகளுக்கு அனுப்பினான். பொதுப் பண்டத்திலிருந்து மது திருடியதாக ஒரு வழக்கு வந்தபோது மரண தண்டனை கேட்டான். திருடியவனோடு குற்றம் சாட்டப்பட்ட மற்றொருவனைக் கொல்ல மன்றத்தார் இணங்கவில்லை. உடனே மன்றத்தைக் கலைத்துவிட்டுத் தன் ஆட்களை அமர்த்தினான். அதன்பின் இரண்டு மாதங்களுள் ஆடவர், பெண்டிர், குழந்தைகள் என நூற்றுக்கும் மேற்பட்டோர் வெட்டியும் மூழ்கடித்தும் கொல்லப்பட்டனர். கப்பலில் வந்த போதகரின் மனைவியும் ஆறு பிள்ளைகளும் ஒரே இரவில் மாண்டனர். கொலைஞர் கம்பெனியின் சிவப்புத் துணியில் பொன்சரிகை வைத்துத் தைத்த உடைகளை அணிந்து திரிந்தனர். கார்னெலிஸ் தனக்குப் பெருந்தளபதி என்று பட்டமும் சூட்டிக்கொண்டான்.

ஆட்சி இல்லாததால் இக்கொலைகள் நிகழவில்லை என்பதை வாசகர் கவனிக்க வேண்டுகிறோம். அத்தீவில் தலைவன் இருந்தான், கட்டளை இருந்தது, விசுவாசப் பிரமாணம் இருந்தது; சட்டப்படி விசாரித்தே முதல் தண்டனை விதிக்கப்பட்டது. இல்லாமற்போனது ஒன்றே: தலைவனைப் பார்த்து 'கூடாது' என்று சொல்லும் மன்றம். அது கலைந்த நாளிலேயே கொலைக்கு வழி திறந்தது.

அண்டைத் தீவிலோ வீபே ஹேய்ஸ் என்னும் சாதாரணப் படைவீரன், இருபது பேரளவில் தோழரோடு, ஆயுதமின்றி நீர் தேட அனுப்பப்பட்டிருந்தான். தாகத்தால் சாகட்டும் என்பதே அனுப்பியவனின் எண்ணம். ஆனால் அவர்கள் நீரைக் கண்டனர். தப்பி நீந்தி வந்தோரைச் சேர்த்துக்கொண்டு, கற்களை அடுக்கி அரண் கட்டி, பீப்பாய் இரும்பில் ஈட்டி செய்து, காவல் வைத்துத் தாக்குதல்களை முறியடித்தனர். இறுதியில் கார்னெலிஸையே சிறைபிடித்தனர். செப்டம்பரில் பெல்சார்ட் வேறொரு கப்பலோடு திரும்பியபோது, அவரை முதலில் அடைந்து எச்சரித்தவனும் ஹேய்ஸே. அக்டோபர் 2ஆம் நாள் கார்னெலிஸ் தூக்கிலிடப்பட்டான். ஹேய்ஸின் கற்சுவர்கள் இன்றும் அத்தீவில் நிற்கின்றன. ஒரே கப்பலின் மக்கள், ஒரே பசி, ஒரே கடல். மனித இயல்பைப் பற்றி ஒற்றை வரியில் தீர்ப்பெழுத விரும்புவோரை இவ்விரு தீவுகளும் இணைந்தே மறுக்கின்றன.

நீதி நீங்கிவிட்டால் அரசுகள் பெருங்கொள்ளைக் கூட்டங்களே அன்றி வேறென்ன என்னும் கருத்தைப் புனித அகுஸ்தினார் 'இறைவனின் நகரம்' நூலில் எழுப்புகிறார். கொள்ளைக் கூட்டத்திற்கும் தலைவன் உண்டு, விதி உண்டு, பங்கீட்டு முறையும் உண்டு என்பதை அவர் மறக்கவில்லை. ஒழுங்கு இருப்பதனாலேயே ஓர் ஆட்சி நல்லாட்சி ஆகிவிடாது.

இது தொலைதூரக் கடலின் கதை என்று தள்ளிவிட வேண்டாம். நம் நாட்டில் 1975 ஜூன் 25 முதல் 1977 மார்ச் 21 வரை நெருக்கடி நிலை நிலவியது. இரயில்கள் நேரத்திற்கு ஓடின என்று அதைப் புகழ்வோர் இன்றும் உளர். 1976-77ஆம் ஓராண்டில் மட்டும் 80 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குக் கருத்தடை அறுவை நடந்தது; வற்புறுத்தலுக்கு உள்ளான ஏழைகள் அதில் பலர். காரணமின்றிச் சிறைப்பட்டவன் விடுதலை கேட்டு நீதிமன்றத்தை நாடவும் இயலாது என்று 1976இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பு தவறு என்று அதே நீதிமன்றம் 2017இல்தான் கூறியது. மன்றம் வாய்மூடும்போது என்ன நேரும் என்பதற்கு நமக்குப் பவளத் தீவு தேவையில்லை.

அப்படியானால் ஆள்வோரைக் கட்டுப்படுத்துவது எங்ஙனம்? இதற்கு மேலைநாட்டு நூல்களையே நாட வேண்டியதில்லை. நம் மண்ணின் கல்லிலேயே ஒரு விடை வெட்டப்பட்டிருக்கிறது. காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில், வைகுண்டப் பெருமாள் கோயிலின் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. ஒன்று 919ஆம் ஆண்டினது, மற்றது 921ஆம் ஆண்டினது. குடவோலைத் தேர்தலின் பெருமை பேச மேடைதோறும் இவற்றைக் காட்டுகிறோம். பெருமையோடு ஒரு குறையையும் சொல்வதே நேர்மை. அது பிராமண நிலவுடைமையாளரின் சபை. பெண்களுக்கும் நிலமற்ற உழைப்பாளருக்கும் அதில் இடமில்லை. எனினும் அதன் விதிகளைப் பொறுமையாகப் படிப்போர்க்குப் பெருமையைவிடச் சிறந்த ஒன்று கிடைக்கும். அது மனிதனைப் பற்றிய தெளிந்த அறிவு.

வேட்பாளருக்கு வயது 35க்கு மேல், 70க்குள், வரி செலுத்தும் சொந்த நிலம், சொந்த மனையில் வீடு, கல்வி, தூய நெறியில் ஈட்டிய பொருள். இத்துணைத் தகுதி உடையவரிலும் கடந்த மூன்றாண்டுகளில் எந்த வாரியத்திலும் இருந்தவருக்கு இடமில்லை. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் நிற்கவே கூடாது. அதோடு விடவில்லை. அவருடைய தந்தை, மகன், உடன்பிறந்தார், மாமனார், மருமகன், மைத்துனர், சிற்றன்னை பெரியன்னை மக்கள், அத்தை மக்கள், மாமன் மக்கள் என உறவுமுறை ஒன்றையும் விடாது அடுக்கி, இவர்களும் கூடாது என்கிறது கல்வெட்டு. ஒரு திருமண அழைப்பிதழைப் படிப்பது போலிருக்கும். உறவு என்னும் வாசல் வழியாகவே ஊர்ப்பணம் வீட்டுக்குள் நுழையும் என்பதை அறிந்தவர் எழுதிய பட்டியல் அது. தங்களைக் கற்றோர் என்றும் தூயோர் என்றும் எண்ணியவர்கள், அந்நிய நாட்டுக் கள்வரை மனத்தில் வைத்து இதை எழுதவில்லை; தங்களையே மனத்தில் வைத்து எழுதினர். இரண்டே ஆண்டுகளில் முதல் விதி இவ்வளவு விரிவாகத் திருத்தப்பட்டதைக் காணும்போது, இடையில் ஏதோ கசப்பு நடந்திருக்குமோ என்று ஐயுறத் தோன்றுகிறது.

தேர்தல் நடந்த விதத்தையும் கல்வெட்டு விவரிக்கிறது. சபையார் சிறியோர் பெரியோர் அனைவரும் கூடியிருக்க, மூத்த நம்பி ஒருவர் குடத்தை எல்லாரும் காணுமாறு தூக்கி நிற்பார். பெயரெழுதிய ஓலைகள் முப்பது குடும்புகளிலிருந்தும் கட்டுக் கட்டாக வரும். ஒன்றும் அறியாத சிறுவன் ஒருவன் ஒரு கட்டை எடுக்க, அதை அவிழ்த்து வேறொரு குடத்திலிட்டுக் குலுக்கி, அதிலிருந்து அவன் ஓர் ஓலையை எடுத்து மத்தியஸ்தனிடம் கொடுப்பான். மத்தியஸ்தன் ஊரார் நம்பிக்கைக்கு உரியவன். அன்று நேற்று வந்தவனும் அல்லன். இருந்தும், அந்த ஓலையை அவன் எப்படி வாங்க வேண்டும் என்பதற்கும் ஒரு விதி உண்டு: ஐந்து விரல்களையும் அகல விரித்து, உள்ளங்கையிலேயே ஏற்க வேண்டும்.