கோல்ஃப் மட்டையும் கொள்ளுத்தாத்தா சமாதியும்

ராக்லன். நியூசிலாந்து வடக்குத் தீவோட மேற்குக் கரையில ஒரு குட்டி ஊர். ஊர் சுத்துறவங்க எழுதுறதைப் படிச்சா சர்ஃபிங், அலை, அலை, சர்ஃபிங். எழுதட்டும், வேணாம்னு சொல்லலை. ஆனா மாவோரி மக்கள் அந்த இடத்தை ஃபாயிங்கரோவான்னு சொல்றாங்களே, அதுக்கும் ஒரு வரி ஒதுக்கக் கூடாதா?

இரண்டாம் உலகப்போர் சமயத்துல, விமானதளம் வேணும்னு மாவோரி நிலத்தை அரசாங்கம் எடுத்துக்கிச்சு. போர் முடிஞ்சுது, நிலம் மட்டும் திரும்பலை. 1969ல அதுல ஒரு பகுதி கோல்ஃப் மைதானம் ஆச்சு. அதுவும் முன்னோர்களைப் புதைச்ச இடத்துல! தற்காலிகம்னு போட்ட பேட்ச் நிரந்தரமாயிடறது எங்க பொட்டி தட்டுற தொழில்ல சகஜம். இடுகாட்டு மேலயுமா?

1978 பிப்ரவரியில ஈவா ரிக்கார்ட் தலைமையில மைதானத்துலயே போராட்டம். கைது பண்ணி இழுத்துட்டுப் போனாங்க. 1980கள்லதான் நிலம் திரும்பிச்சு.

"அதான் கிடைச்சிடுச்சே, அப்புறம் என்ன?"ன்னு கேக்கிற புண்ணியவான்களே, அவங்களா கொடுக்கலைங்க, போராடி வாங்கினது. எடுத்ததுக்குக் காரணம் போரோட போச்சு. திருப்பிக் கொடுக்க நாப்பது வருஷமா?

அலையை ரசிங்க, தப்பில்லை. கரை யாரோடதுன்னு தெரிஞ்சுக்கிட்டு ரசிங்க.