டிஷ் மாறும், கொள்ளை மாறாது

கேபிள் கட்டணம் கட்டி மாளாத ஹைதராபாத் தார்நாகா குடும்பம் டிடிஎச் நிறுவனங்களின் விலைப்பட்டியலைப் புரட்டுகிறது. டாடா பிளே, ஏர்டெல், டிஷ் டிவி, சன் டைரக்ட் எனப் பெயர்கள் நான்கு. ஆனால், கட்டணச் சேனல்களுக்கு விலை வைப்பவை ஒளிபரப்புப் பெருநிறுவனங்களே.

விரும்பிய சேனலுக்கு மட்டும் பணம் என்று 2019இல் டிராய் புதிய கட்டண முறையைக் கொண்டுவந்தது. நடந்தது என்ன? முதல் 100 சேனல்களுக்கு இணைப்புக் கட்டணமே 130 ரூபாய் வரை. அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. 2024 ஜூலையில் அந்த உச்சவரம்பும் நீக்கப்பட்டது.

தூர்தர்ஷன் 2004இல் தொடங்கிய இலவச டிஷ் சேவைக்கு மாதக் கட்டணமே கிடையாது. அதிலும் இடங்கள் தனியாருக்கு ஏலம் விடப்படுகின்றன. உச்சவரம்பை மீட்டெடு, பொதுத்துறை ஒளிபரப்பை வலுப்படுத்து என்னும் கோரிக்கைகள் வீதிக்கு வராதவரை, ரிமோட் மட்டுமே மக்கள் கையில் இருக்கும்.